வேதபாடம்: ஆற்று மணலில் அகப்பட்ட இராயனுடைய காசு

இந்த மாத வேதபாடம் ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. கேட்டவர் நம்முடைய சபைச் சகோதரர் ஒருவர். பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார், ஆகவே எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாலிதீன் கவரை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு செம்புக் காசு. பச்சை பிடித்துப் போயிருந்தது. "ஐயா, கரூர்ல வாங்கினதுங்க. தீபாவளி போனஸ்ல மூவாயிரம் ரூபாய் குடுத்தேன். இயேசு சாமி காலத்துக் காசு, அவரு கை பட்டிருக்கும்னு சொன்னாருங்க. சிலுவை கூட இருக்குதுங்க பாருங்க. ஞாயித்துக்கிழமை இதை வெச்சு சாட்சி சொல்லோணுங்க" என்றார்.

துணியில் இழை எண்ணிப் பார்க்கிற சின்ன பூதக்கண்ணாடி அவரிடமே இருந்தது. அதை வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் முத்து வைத்த தலைப்பட்டம் கட்டிய ஒரு ராஜாவின் தலை. மறுபக்கம் இறக்கை வைத்த ஒரு உருவம் நடந்து போகிறது. தோளில் எதையோ சுமந்திருக்கிறது. ஒரு கையால் கீழே கிடக்கிற ஒரு மனுஷனை இழுக்கிறது. ஓரத்தில் சிலுவை மாதிரி ஒரு குறி. "தேவதூதனுங்க. பிசாசை இழுத்துக்கிட்டுப் போறாரு" என்று சகோதரர் மெதுவாகச் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த நேரத்தில் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னே சொல்லித்தானே ஆகவேண்டும்?

வேதத்தைத் திறந்து மாற்கு 12-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அதிகாரத்தில் இரண்டு விதமான காசு வருகிறது. 15-ஆம் வசனத்தில் வரிக்குரிய வெள்ளிப்பணம். 42-ஆம் வசனத்தில் ஏழை விதவை போட்ட செம்புக் காசு. இரண்டையும் நாம் "காசு" என்று ஒரே மூச்சில் வாசித்துவிடுகிறோம். அந்தக் காலத்து ஜனங்களுக்கு இரண்டும் வேறு வேறு.

முதலாவது வெள்ளி. அதன் பெயர் தெனாரியு. மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்து வேலையாளுக்கு ஒரு நாள் கூலி அதுதான். இராயனுடைய சுரூபமும் மேலெழுத்தும் அதில் இருந்தன. எந்த இராயன்? லூக்கா 3:1-ல் சொல்லப்பட்ட திபேரியுராயன் என்பதே பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களின் கருத்து. அவன் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவன். அவனுடைய வெள்ளிக்காசு இன்றைய பிரான்ஸ் தேசத்து லியோன் பட்டணத்தில் அச்சடிக்கப்பட்டது. ஒரு பக்கம் அவன் தலை. சுற்றிலும், 'தெய்வமாகிய அகுஸ்துவின் குமாரன் திபேரியு இராயன்' என்ற பொருளில் லத்தீன் எழுத்து. மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அங்கே உள்ள எழுத்தின் பொருள் 'பிரதான ஆசாரியன்'. கவனித்தீர்களா? தெய்வத்தின் குமாரன் என்று ஒரு பக்கம், பிரதான ஆசாரியன் என்று மறுபக்கம். அந்தக் காசை ஆலயத்துக்குள்ளே வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். மடியில் இதை முடிந்துகொண்டு வந்துதான் வரி நியாயமா என்று கேட்டார்கள்.

நம்முடைய சட்டைகளில் கழுத்துக்குப் பின்னால் ஒரு லேபிள் தைக்கிறோமே, அதை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். நூல் நம்முடையது, தைத்தவர் நம்முடைய அனுப்பர்பாளையத்துச் சகோதரி, ஆனால் லேபிளில் பேர் வெளிதேசத்துக் கம்பெனி. செய்தித்தாளும் ரேடியோவும் இல்லாத அந்த நாளில் காசுதான் ராஜாவின் லேபிள். கடைக்கோடி கிராமத்தானுக்கும் ராஜாவின் முகம் அதில்தான் தெரிந்தது. தான் யார் என்று அவன் எப்படி நினைக்கவேண்டும் என்று ராஜா விரும்பினானோ, அதையே அடித்து அனுப்பினான்.

இந்தத் திபேரியுவின் வெள்ளிக்காசு நம்முடைய கொங்குச் சீமைக்கு வந்திருக்கிறது என்பது கட்டுக்கதை அல்ல. கோயமுத்தூருக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் வெள்ளலூர் இருக்கிறதல்லவா, அங்கே 1842-ல் ஒரு புதையலில் 522 வெள்ளிக்காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகுஸ்துராயனும் திபேரியுராயனும் அடித்தவை. 1891-லும் 1931-லும் அதே ஊரில் மறுபடியும் கிடைத்தன. நம்முடைய ஊத்துக்குளிப் பக்கம் கத்தாங்கண்ணியில் 1913-ல் இருநூறுக்கு மேல். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் பூதிநத்தத்தில் 1946-ல் ஆயிரத்துக்கு மேல். பொள்ளாச்சியிலும் கரூரிலும் கிடைத்தன. மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியில் இறங்கிய சரக்கும் பணமும் பாலக்காட்டுக் கணவாய் வழியாய் ஏறி, நொய்யல் கரையோடே கரூருக்குப் போயின. அந்த வழியில்தான் இன்று திருப்பூர் இருக்கிறது.

எதற்காக வந்தது? மிளகுக்கும், முத்துக்கும், பருத்தித் துணிக்கும், பச்சைக் கல்லுக்கும். காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் வெட்டியெடுத்த பச்சைக்கல் பேர்போனது. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் என்ற ஊர். 1980-களிலிருந்து அங்கே பலமுறை அகழ்ந்தார்கள். மணி செய்த பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், நூல் நூற்கிற சுட்டமண் தக்களிகள் எல்லாம் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான் என்கிறார்கள். இந்தியாவுக்கு வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்தர்ஸ் பணம் போய்விடுகிறதே என்று பிளினி என்ற ரோம எழுத்தாளன் புலம்பி எழுதிவைத்திருக்கிறான். ஏற்றுமதி நாம் செய்ய, பணம் அவர்கள் அனுப்ப! இன்றைக்கு டாலர் ரேட் பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு இது புதிதா என்ன?

ஒரு சின்ன விஷயம். புதுக்கோட்டையில் 1898-ல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் இராயனுடைய முகத்தின்மேல் உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. ஏன் வெட்டினார்கள் என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். புழக்கத்திலிருந்து நீக்கவே வெட்டினார்கள் என்பது ஒன்று. ஆனால் நம்மூர்க்காரர்கள் எல்லாரும் அந்த முகத்தை வெறுத்தார்கள் என்றும் சொல்லிவிடக்கூடாது. அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசுகளில், ரோமக் காசைப் போலவே ஒரு ராஜாவின் தலையை அடித்து, மேலே தமிழ் எழுத்தில் 'மாக்கோதை' என்று போட்டிருக்கிறார்கள்! லேபிள் அடிக்கிற வித்தையைச் சீக்கிரமே படித்துக்கொண்டார்கள்.

இப்போது செம்புக்கு வருவோம். சகோதரர் கொண்டுவந்தது செம்பு, விதவை போட்டதும் செம்பு.

வேதத்தில் செம்புக்காசு மூன்று இடத்தில் அருமையாக வருகிறது. மத்தேயு 10:29-ல் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்கா 12:6-ல் இரண்டு காசுக்கு ஐந்து குருவி. கணக்குப் பாருங்கள், நாலுதானே வரவேண்டும்? ஐந்தாவது கொசுறு. சந்தையில் கொசுறாய்ப் போன அந்தக் குருவியும் தேவனுக்கு மறக்கவில்லை என்பதைத்தான் அங்கே வாசிக்கிறோம். இந்தக் காசு ரோமருடைய 'அஸ்' என்ற செம்புக்காசு. பதினாறு அஸ் சேர்ந்தால் ஒரு வெள்ளித் தெனாரியு. அஸ்ஸில் நாலில் ஒன்று 'குவாத்ரன்ஸ்'. மாற்கு 12:42-ல் 'துட்டு' என்று மொழிபெயர்த்திருப்பது அதுதான். விதவை போட்ட இரண்டு காசும் சேர்ந்துதான் ஒரு துட்டு.

அந்தச் சகோதரருடைய தாயார் இதைக் கேட்டுவிட்டு, "நம்ம காசுல எவ்வளவுங்க ஆகும்?" என்று கேட்டார்கள். பலகையில் எழுதிக் காட்டினேன். ஒரு தெனாரியுக்குப் பதினாறு அஸ், அறுபத்துநாலு துட்டு, நூற்றிருபத்தெட்டு காசு. ஒரு நாள் ஷிப்ட்டுக் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு துட்டு 10 ரூபாய். அதாவது விதவை போட்டது ஐந்தும் ஐந்தும் பத்து ரூபாய். ஒரு டீக்குக் கூடப் பற்றாது என்றார்கள் அந்த அம்மா. அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதுவே அவளுடைய முழு ஜீவனமும் என்பதுதானே அங்கே விஷயம்.

அந்த விதவையின் காசில் எந்த முகமும் இருந்திருக்காது. யூதேயாவில் அடித்த செம்புக்காசுகளில் ராஜாவின் முகத்தைப் போடுவதில்லை, ஜனங்கள் கோபிப்பார்கள். அவள் காலத்துக்கு நூறு வருஷத்துக்கு முன்னே அலெக்சாந்தர் யன்னாயு என்ற யூத ராஜா அடித்த பொடிக்காசுகள் அப்போதும் புழங்கின. நங்கூரமும் நட்சத்திரமும் உள்ளவை. தேசாதிபதிகள் வந்த பிறகும் கதிரும் பேரீச்சமரமும்தான் போட்டார்கள். பொந்தியுபிலாத்து மாத்திரம் வேறு மாதிரி. ஏறக்குறைய கி.பி. 29 முதல் 31 வரை அவன் அடித்த செம்புக்காசில் ரோமப் பூசாரிகள் குறி பார்க்கிற வளைந்த கோலும், பலிக்குரிய கரண்டியும் இருக்கின்றன. எருசலேமில் காய்கறி வாங்கப் போன பெண்ணின் கையில் அந்நிய பூஜைச் சாமான்! அவன் எப்படிப்பட்டவன் என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம், காசிலும் தெரிகிறது.

இன்னொரு செம்புக்காசைச் சொல்லாமல் போகமுடியாது. கி.பி. 70-ல் எருசலேம் விழுந்தது, ஆலயம் எரிந்தது. லூக்கா 19:43, 44-ஐ வாசித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷமே வெஸ்பாசியன் என்ற இராயன் பெரிய காசு ஒன்றை அடித்தான். செஸ்தர்ஸ் என்று பெயர், பித்தளை போல மஞ்சள் நிறம், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது. நடுவில் ஒரு பேரீச்சமரம். மரத்தடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுகிற ஒரு பெண். எழுத்து: 'யூதேயா பிடிபட்டது'. ஜெயித்தவன் மகிழ்ச்சிக்காக அடித்த காசுதான், ஆனால் பார்க்கிற நமக்கு அந்தப் பெண்தான் தெரிகிறாள். ஏசாயா 3:26-ஐயும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

சரி, சகோதரருடைய காசு எங்கே சேரும்? இவற்றில் ஒன்றிலும் சேராது. அது கி.பி. 388-க்குப் பிற்பாடு அடிக்கப்பட்ட வகை. தெயோதோசியு என்ற இராயனும் அவன் பிள்ளைகள் அர்க்காதியு, ஹொனோரியு என்பவர்களும் அடித்தது. நம்முடைய ஆண்டவர் பூமியில் இருந்த நாளுக்கு முந்நூற்றைம்பது வருஷம் பிந்தியது. அவர் கை பட்டிருக்க வழியே இல்லை.

இந்தச் சின்னக் காசுகள் கரூர் அமராவதி மணலிலும் மதுரையிலும் ஏராளமாகக் கிடைத்தவை. இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1994-ல் இவற்றைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே வெளியிட்டார். இராமநாதபுரம் கடற்கரையில் அழகன்குளத்து அகழ்வாய்விலும் வந்தன. இலங்கையில் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே இதைப் பார்த்து உள்ளூரிலேயே நகலும் அடித்தார்கள். ஒரு கிராம் எடைதான் இருக்கும். பொன்னும் வெள்ளியும் வந்த காலம் போய், சில்லறை வந்த காலம் அது.

அந்த இறக்கை வைத்த உருவம் தேவதூதன் அல்ல. விக்டோரியா என்று ரோமர் கும்பிட்ட வெற்றித் தேவதை. பழைய ரோமக் காசுகளில் நெடுங்காலமாக அவள்தான் பறந்துகொண்டிருந்தாள். தோளில் இருப்பது தோற்றவனுடைய ஆயுதங்களை மாட்டிய கோல். இழுத்துக்கொண்டு போவது பிசாசை அல்ல, போரில் பிடிபட்ட ஒரு கைதியை. ஓரத்தில் உள்ள குறி கிறிஸ்து என்ற கிரேக்கப் பெயரின் முதல் இரண்டு எழுத்து. பெருக்கல் குறி போல ஒன்று, அதன் நடுவே தலை வளைந்த கோல் போல ஒன்று. சில காசில் வெறும் சிலுவையாக இருக்கும்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. கான்ஸ்டன்டைன் 312-ல் யுத்தத்தில் ஜெயித்து கிறிஸ்தவர்களை ஆதரித்தான் என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் அவன் செம்புக்காசைப் பார்த்தால், அதற்குப் பின்னும் சில வருஷம் சூரிய தேவனையே தன் கூட்டாளி என்று அடித்துக்கொண்டிருந்தான். பிற்பாடு இரண்டு சேவகரும் கொடியும், 'சேனையின் மகிமை' என்ற எழுத்தும். அவன் குமாரன் நாளில் குதிரையிலிருந்து விழுகிற பகைவனை ஒரு போர்வீரன் ஈட்டியால் குத்துகிற படம், 'நற்காலம் திரும்பி வந்தது' என்ற எழுத்து. யாருக்கு நற்காலம்? 353-ல் மக்னென்தியு என்று ஒருவன், சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டவன், காசின் மறுபக்கம் முழுவதும் கிறிஸ்துவின் பெயர்க்குறியை அடித்தான். அந்த வருஷமே தோற்றுத் தற்கொலை செய்துகொண்டான்.

சகோதரர் காசில் இருக்கிற எழுத்து 'சாலுஸ் ரெய்புப்ளிக்கே'. இராஜ்யத்தின் க்ஷேமம் என்று பொருள். இந்த 'சாலுஸ்' என்ற வார்த்தையைத்தான் லத்தீன் வேதாகமத்தில் இரட்சிப்பு என்பதற்கும் வைத்திருக்கிறார்கள். சகேயுவின் வீட்டுக்கு வந்ததும் 'சாலுஸ்'தான், லூக்கா 19:9. இங்கேயோ அந்த வார்த்தைக்குக் கீழே ஒருவன் இழுபடுகிறான். கிறிஸ்துவின் பெயரும் பக்கத்திலேயே. என்னைக் கேட்டால், வெஸ்பாசியன் காசைவிட இதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வெஸ்பாசியன் அவருடைய பெயரைப் போடவில்லையே.

இங்கே நான் ஒரு காரியத்தை அறிக்கை செய்யவேண்டும். 1998-ல் ஒரு கன்வென்ஷனில், 'கரூர் ஆற்றில் சிலுவைக் காசு கிடைத்திருக்கிறது, ஆகவே 4-ஆம் நூற்றாண்டிலேயே கரூரில் சபை இருந்தது' என்று மைக் பிடித்துச் சொன்னேன். ஜனங்கள் கைதட்டினார்கள். அது தப்பு. திருப்பூரில் ஒருவன் பையில் டாலர் இருந்தால் அவன் அமெரிக்கன் ஆகிவிடுவானா? காசு வியாபாரத்தோடு போகும். எடுத்துவந்தவன் யாராகவும் இருக்கலாம், வாங்கினவனுக்கு அது வெறும் செம்புச் சில்லறை. அந்தப் பழங்காலத்தில் தென்பக்கம் விசுவாசிகள் இருந்ததற்கு ஆதாரம் வேண்டுமானால், 6-ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற பிரயாணி எழுதியதைச் சொல்லலாம். மிளகு விளைகிற மலையாளக் கரையிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறான். கரூரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அன்று கைதட்டினவர்களில் சிலர் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் சகோதரரை வரச்சொல்லி இதையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் காசையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஏமாந்துட்டனுங்களாய்யா?" என்றார். காசு பழையதாகவே தெரிகிறது, சொன்ன கதைதான் பொய் என்றேன். பழங்காசு வாங்குகிற எல்லோருக்கும் ஒரு வார்த்தை: மண்ணில் புதையல் கிடைத்தால், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை வெளிதேசத்துக்கு அனுப்புவதும் குற்றம், 1972-ஆம் வருஷத்துச் சட்டம். கரூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டும்படி சொல்லியிருக்கிறேன். கழுத்தில் கட்டிக்கொள்ள வெள்ளியில் கூடு செய்யக் கொடுத்திருந்தாராம். அதை வேண்டாம் என்று அன்றைக்கே போன் செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சாட்சி சொல்லவில்லை. அதற்குப் பதில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, அந்தப் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து ஒவ்வொருவராய்ப் பார்க்கச் செய்தார். ராஜா யார், இறக்கை வைத்தது யார், குறி என்ன என்று அவரே அழகாகச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பாப்பா கண்ணாடியை விடாமல் பிடித்துக்கொண்டு, "அங்கிள், கீழ கிடக்கறவரு பேரு என்னங்க?" என்று கேட்டாள். சகோதரர் என் முகத்தைப் பார்த்தார். காசில் அவர் பேர் போடவில்லை பாப்பா என்றேன்.